பலகைத் தடுப்பு முதல் படுக்கை வாடகை வரை: சிங்கப்பூரில் நில விதிகளும் வாடகைக் குடியினரும்



ஜொகூரின் தென்முனையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. காலை முதல் பாடவேளையில் கண்களைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். தந்தையோ தாயோ விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அந்த அரவத்தில் பிள்ளையும் விழித்துக்கொள்கிறது. அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்:

“ஐயா, எங்க அப்பா தினமும் இப்படி அலையுறதுக்கு, அங்கேயே ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாமே?”

“அங்கே வாடகை அதிகம், அம்மா.”

“ஏன் ஐயா அதிகம்?”

சிறிய தீவு, நிலம் குறைவு, மக்கள் மிகுதி என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த விடை பொய்யன்று. ஆயினும் அது பாதி விடையே. நிலத்தின் அளவை இயற்கை முடிவு செய்கிறது. அந்த நிலத்தில் எங்கே என்ன கட்டலாம், ஒரு வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், யார் எந்த வட்டாரத்தில் குடியிருக்கலாம் என்பவற்றை மனிதர் வகுத்த விதிகள் முடிவு செய்கின்றன. சிங்கப்பூரில் அவ்விதிகளுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே தமிழர் வருகின்றனர். அன்று அம்மாணவிக்குச் சொல்லத் தவறிய மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

1822: கோடு போட்ட நகரம்

1819இல் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்த ராஃபிள்ஸ், 1822ஆம் ஆண்டு நவம்பரில் நகரக் குழு ஒன்றை நியமித்தார். ஆற்றங்கரையில் மக்கள் தம் விருப்பம்போல் குடிசை கட்டி வாழ்வது அவருக்குப் பிடிக்கவில்லை. அவரது கருத்துப்படி லெஃப்டினன்ட் பிலிப் ஜாக்சன் நகர வரைபடத்தைத் தீட்டினார். ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, சீனருக்கு ஒரு பகுதி, அரபியருக்கும் பூகிசியருக்கும் வெவ்வேறு பகுதிகள் என நகரம் கூறுபோடப்பட்டது. நம்மவருக்கென ஆற்றின் மேற்புறத்தில் ‘சூலியா கம்பம்’ குறிக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைச் சூலியர் என்று அக்காலத்தில் அழைத்தனர்.

இக்கோடுகளின் முதல் பாதிப்பு ஒரு கோயிலுக்கு நேர்ந்தது. நாராயண பிள்ளை ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் அருகே கோயில் கட்டுவதற்கு 1821இல் இசைவு கிடைத்திருந்தது. மறு ஆண்டு வந்த நகரத் திட்டம் அந்நிலத்தை வேறு பயனுக்கு ஒதுக்கிவிட்டது. பிறகு 1823இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்த நிலத்தில், 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. அவ்விடம் வரைபடப்படி சீனர் பகுதியைச் சார்ந்தது. அதே சாலையில் சூலியர் பள்ளிவாசலும் அமைந்தது. மக்கள் வரைபடத்தைப் பார்த்துக் குடியேறவில்லை. வேலை இருந்த ஆற்றங்கரையை ஒட்டிக் குடியேறினார்கள். சூலியா கம்பம் நாளடைவில் பெயரளவில் நின்றது.

ராஃபிள்சின் கட்டளைகளில் இன்றும் கண்ணில் படுவது அஞ்சடி. வீதியை ஒட்டிய ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றார். ஜொகூர் பாருவிலும் பினாங்கிலும் நாம் வெயிலுக்கு ஒதுங்கும் அஞ்சடி அவ்விதியின் வழிவந்ததே. நல்ல விதிகளும் உண்டு என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கடைவீடும் பலகைத் தடுப்பும்

கடைவீடு முன்புறம் குறுகியது, பின்புறம் நீண்டது. இரு பக்கமும் பொதுச்சுவர். எனவே பக்கச் சாளரம் கிடையாது. ஒரு குடும்பம் கீழே கடை வைத்து மேலே வாழ்வதற்கு அது ஏற்ற அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் பெருகியது. கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினர். அவர்கள் வேலைக்கு நடந்தே செல்ல வேண்டியவர்கள். ஆகவே ஆற்றங்கரைக்கு அருகிலேயே தங்கியாக வேண்டும். வீட்டை எடுத்தவர் மாடியை மரப்பலகைகளால் தடுத்தார். ஒவ்வொரு தடுப்புக்கும் தனி வாடகை வாங்கினார். காற்றும் வெளிச்சமும் முன்னறைக்கும் பின்னறைக்கும் மட்டுமே கிட்டின. நடு அறைகள் பகலிலும் இருண்டு கிடந்தன. தடுப்பறைக்கும் வசதியற்றவர் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்தார். இரவுப் பணியாளர் எழுந்து சென்றதும் பகலில் அதே பாயில் மற்றொருவர் படுத்தார்.

காசநோயும் இறப்பும் பெருகவே, பேராசிரியர் சிம்ப்சன் என்னும் மருத்துவ அறிஞர் வரவழைக்கப்பட்டார். 1907இல் அவர் அளித்த அறிக்கை, கடைவீடுகளின் பின்புறத்தை இடித்துப் பின்சந்துகள் அமைக்க வேண்டும், நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. மருத்துவ நோக்கில் அவர் கூறியது முற்றிலும் சரி. ஆனால் ஒரு வீட்டின் பின்பகுதியை இடித்தால், அங்கே படுத்திருந்தவர் எங்கே போவார்? அடுத்த வீட்டின் தடுப்பறைக்குப் போவார். மாற்று வீடு கட்டுவது அன்றைய நகராண்மைக் கழகத்தின் பணியாக இல்லை. இடம் குறைந்தது, ஆள் குறையவில்லை. எஞ்சிய தடுப்பறைகளின் நெரிசல் கூடியது.

1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை என்ற அமைப்பு உருவானது. சாலை அமைப்பதும் சீர்கெட்ட கட்டடங்களை அகற்றுவதுமே அதன் முதன்மைப் பணி. தன் திட்டங்களால் வீடிழந்தவர்களுக்குத்தான் அது வீடு கட்ட முடிந்தது. பொதுமக்கள் அனைவருக்கும் கட்டும் அதிகாரம் தொடக்கத்தில் இல்லை. 1936இல் தியோங் பாருவில் எழுந்த அதன் மாடிவீடுகள் அழகானவை. ஆனால் மூட்டை தூக்கியவர் அவற்றின் வாடகையை எட்ட முடியவில்லை.

1947: உறைந்த வாடகை

போருக்குப் பின் நிலைமை முற்றியது. 1947இல் மக்கள்தொகை 9 இலட்சத்து 38 ஆயிரம். 1957இல் 14 இலட்சத்து 46 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் ஐந்து இலட்சம் பேர் கூடினர்.

வாடகை எகிறாமல் தடுக்க 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இருந்த வாடகையே அளவுகோல் ஆயிற்று. வீட்டுக்காரர் எளிதில் குடியை வெளியேற்றவும் முடியாது. 1947 செப்டம்பர் 7க்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.

இச்சட்டம் ஏழையைக் காத்ததா? ஓரளவு காத்தது. பல்லாயிரம் குடும்பங்கள் வீதிக்கு வராமல் இருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சட்டம் யாரைக் காத்தது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் நேரடியாக வாடகைக்கு எடுத்தவர் தலைமை வாடகைதாரர். அவர் உறைந்த பழைய வாடகையைச் செலுத்திவிட்டு, தடுப்பறைகளை உள்வாடகைக்கு விட்டு அதைவிடப் பன்மடங்கு வாங்கினார். புதிதாகக் குடிவருபவரிடம் முன்பணமாக ‘தேநீர்க் காசு’ கேட்கப்பட்டது. சட்டம் தந்த ஆதாயம் நடுவில் நின்றவர் கையில் தங்கியது. தடுப்பறைக்குள் முடங்கியவருக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை. பழைய வாடகையில் வீட்டைப் பழுது பார்க்க உரிமையாளருக்கும் மனமில்லை. இடித்துக் கட்டலாம் என்றாலோ குடியை எழுப்ப முடியாது. ஆகவே நகரின் நடுப்பகுதி அப்படியே உளுத்துப்போனது.

பசுமை வளையமும் அத்தாப்புக் கூரையும்

நகரின் நடுவே இடமில்லை. புறநகருக்குப் போகலாம் அல்லவா? அங்கே மற்றொரு விதி நின்றது. மேம்பாட்டு அறக்கட்டளை தயாரித்து, 1958இல் சட்ட வலிமை பெற்ற முதல் பெருந்திட்டம், தீவின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பயன் குறித்தது. குடியிருப்பு, தொழில், வேளாண்மை என வகை பிரித்து, வட்டாரத்துக்கு இத்தனை அடர்த்தி என்று வரம்பும் வைத்தது. நகரம் கட்டுக்கடங்காமல் பரவாதிருக்க அதைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றையும் வரைந்தது. 1972இல் மக்கள்தொகை 20 இலட்சமாகும் என்று கணக்கிட்ட அத்திட்டம் இங்கிலாந்தின் நகரத் திட்ட முறையைப் பின்பற்றியது.

வரைபடத்தில் அது ஒழுங்கானது. ஆனால் அந்த ஐந்து இலட்சம் பேர் ஏற்கெனவே எங்கோ படுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நகர விளிம்பில், சதுப்பு நிலங்களிலும் பழைய இடுகாடுகளின் ஓரத்திலும், பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாகக் கம்பங்கள் முளைத்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அனுமதி பெறாத வீடுகள். ஆயினும் அங்கே இருந்தவர்கள் இலவசமாக இருக்கவில்லை. நிலத்துக்கோ அறைக்கோ வாடகை கொடுத்தே வாழ்ந்தனர். அனுமதியற்ற வீடு என்பதால் முறையான சாலை இல்லை, குழாய்நீர் இல்லை, எழுத்தில் உரிமை இல்லை. விதிப்படி கட்டிய வீட்டின் வாடகை எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டும் வாடகையில் இருந்த வீடோ விதிக்குப் புறம்பானது. ஏழையின் முன்னிருந்தவை இவை இரண்டே.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. நால்வர் மாண்டனர், ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர்.

விதியோடு வீடும் வந்த காலம்

இங்கேதான் இவ்வரலாறு திரும்புகிறது. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியிருந்தது. மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. புதிய கழகம் முதல் ஐந்தாண்டிலேயே ஏறத்தாழ 54,000 வீடுகளைக் கட்டியது. தீயில் வீடிழந்தோர் ஓராண்டுக்குள் மாடிவீடுகளில் குடியேறினர். மாத வாடகை ஓரறை வீட்டுக்கு 20 வெள்ளி, ஈரறை வீட்டுக்கு 40 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 60 வெள்ளி.

இது எப்படி இயன்றது? கட்டடத் திறன் ஒரு காரணம். நிலம் அரசின் கைக்கு வந்தது அதனினும் பெரிய காரணம். 1966இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டமும் 1973இல் வந்த அதன் திருத்தமும், நிலச் சொந்தக்காரருக்குச் செல்லும் இழப்பீட்டைக் குறைத்து வைத்தன. 1960இல் அரசிடம் இருந்த நிலம் 44 விழுக்காடு. 1985இல் 76 விழுக்காடு. நிலத்தின் பயனை மாற்றியதால் உயர்ந்த மதிப்பு தனியார் பைக்குப் போகாமல் மாடிவீடாக மாறியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நிலமிழந்தவர்களும் கம்பத்துத் தோட்டத்தையும் கோழிக்கூண்டையும் விட்டு மாடியேறியவர்களும் மனநிறைவோடுதான் சென்றார்கள் என்று எழுத இயலாது. கம்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல் வாடகை கட்ட நேர்ந்த குடும்பங்களும் உண்டு. என்றாலும், ‘இங்கே தங்காதே’ என்று சொன்ன ஆட்சி ‘இதோ, இங்கே தங்கு’ என்று சாவியையும் கொடுத்தது, அதற்கு முந்திய நூற்று நாற்பது ஆண்டுகளில் இந்த அளவில் நடவாத ஒன்று.

வாடகைக் குடியினர் எங்கே போனார்கள்?

1964 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடுகளை விற்கத் தொடங்கியது. 1968 முதல் ஊழியர் சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. வாடகைக் குடி சொந்தக்குடி ஆயிற்று. அது பெருஞ்சாதனை. ஆனால் அதன்பின் வகுக்கப்பட்ட விதிகள் எல்லாம் சொந்தவீட்டுக் குடும்பத்தை நடுவில் வைத்தே எழுந்தன. வாடகைக்கு இருப்பவர் விதிவிலக்காக ஆனார்.

பழைய நகரத்தில் எஞ்சியிருந்த மலிவு வாடகையும் சிறிது சிறிதாகக் கரைந்தது. 1969இல் வந்த ஒரு சட்டம், வணிக நடுவமாக வளர்க்கக் குறித்த ‘தங்கக் காலணி’ வட்டாரத்தில், இழப்பீடு கொடுத்துப் பழைய குடிகளை எழுப்ப உரிமையாளர்களுக்கு வழி திறந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட் அவ்வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெட்டியடிப் பலகையும் இரும்புப் பெட்டகமும் இருந்த இடத்தில் இன்று வானுயர் கட்டடங்கள் நிற்கின்றன. 1989 சூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், நம்மவர் ஒருகாலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்த லிட்டில் இந்தியா ஆகியவை மரபுடைமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. சுவரும் சாளரமும் காக்கப்பட்டன. அவற்றுக்குள் மலிவாய்க் குடியிருந்தவர்களைக் காக்க அவ்விதியில் இடமில்லை. வாடகைக் கட்டுப்பாடும் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2001இல் முற்றாக நீங்கியது.

ஆறும் எட்டும்

அண்மைக் காலத்துக்கு வருவோம். உறவுமுறை இல்லாத எத்தனை பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கலாம் என்பதற்கு அங்கே வரம்பு உண்டு. தனியார் வீடுகளுக்கு எட்டாக இருந்த வரம்பு 2017இல் ஆறாகக் குறைக்கப்பட்டது. கழக வீடுகளில் நாலறையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஒன்பதாக இருந்தது 2018இல் ஆறாயிற்று. அண்டை வீட்டார் அமைதி கெடக்கூடாது என்பது நோக்கம், நியாயமானதே. ஆனால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் தலைகள் குறைந்தால் ஒவ்வொரு தலைக்கும் விழும் பங்கு கூடும். இதை என் மாணவர்கள் வகுத்தல் கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

கோவிட் காலத்தில் கட்டுமானம் தடைப்பட்டது. வீடுகள் காலத்தில் முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. அதன்பின் 2024 சனவரியில், பெரிய வீடுகளுக்கு அவ்வரம்பு தற்காலிகமாக மீண்டும் எட்டாக உயர்த்தப்பட்டது. வரம்பும் வாடகையும் தொடர்புடையவை என்பதை ஆட்சியே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். 2023இல் தேங்கிநின்ற புதிய வீடுகள் பெருமளவில் கட்டி முடிந்தன. 2024இல் வாடகைக் குறியீடு சற்றே இறங்கியது.

இவ்வரம்புகளுக்குள்ளும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள். மலேசியர் அல்லாத இத்தொழிலாளர்கள் கழக வீடுகளை வாடகைக்கு எடுக்க இயலாது. துவாஸ், கிராஞ்சி போன்ற தொழில் வட்டாரங்களில் உள்ள தங்கும் விடுதிகளே அவர்களில் பெரும்பாலோரின் உறைவிடம். அங்கே வாடகைக்கு விடப்படுவது ஒரு படுக்கை. வாடகையைப் பொதுவாக முதலாளி செலுத்துகிறார். 2020இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்விடுதிகளில் இருந்தனர். அவ்வாண்டு சிங்கப்பூரில் கோவிட் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களே. ஓர் அறைக்குப் பன்னிருவருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வேண்டும் என்று புதிய விடுதிகளுக்கு 2021இல் விதி செய்யப்பட்டது. சிம்ப்சன் 1907இல் எழுதிய அதே காற்று, அதே நெரிசல், அதே கவலை.

1822இல் வரைபடத்தின் ஒரு மூலையில் சூலியா கம்பம் குறிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மூலையில் விடுதி குறிக்கப்படுகிறது. அந்நகரைக் கட்டும் கைகள் இரவில் எங்கே ஓய்வெடுக்க வேண்டும் என்பதை இன்றும் வரைபடமே சொல்கிறது.

மாணவிக்கு விடை

விதிகளே வேண்டாம் என்பது என் கருத்தன்று. விதியில்லா நகரத்தில் காசநோயும் தீயும் முதலில் ஏழையைத்தான் தின்றன. இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே: ஒரு விதி படுக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், படுக்கை தேவைப்படும் மனிதர்களின் எண்ணிக்கையைக் குறைக்காது. விதி போட்டவர் மாற்றிடமும் கொடுத்தால் வாடகைக் குடி தழைக்கிறது. விதியை மட்டும் போட்டால் அதன் விலையைக் குடியே கொடுக்கிறது. சிலர் அதைப் பணமாகக் கொடுப்பர். சிலர் நெரிசலாகக் கொடுப்பர். சிலர் தூரமாகக் கொடுப்பர்.

அம்மாணவியின் தந்தை மலேசியர். அங்கே ஓர் அறையை வாடகைக்கு எடுக்கச் சட்டம் அவருக்கு இடமளிக்கிறது. ஆனால் அவர் வைத்திருப்பது வேலை அனுமதிச் சீட்டு. அதைக் கொண்டு மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல முடியாது. அறை வாடகையைக் கொடுத்த பின் குடும்பத்துக்கு அனுப்பக் கையில் என்ன மிஞ்சும் என்ற கணக்கும் இருக்கிறது. ஆகவே அவர் தூரமாகக் கொடுக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். அதில் ஒரு பங்கை, முதல் பாடவேளையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவர் மகளும் கொடுக்கிறாள்.

அடுத்த வாரம் வகுப்பில் சிங்கப்பூரின் பழைய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டப்போகிறேன். அவள் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்குரிய விடையை அதிலிருந்து தொடங்க எண்ணம்.